மிக்ஸி வாங்கும்போது ஜாரைத் திருப்பிப் பாருங்க

இந்த எபிசோட் ஒரு வாய்ஸ் மெசேஜ்ல இருந்து வந்தது. புதுசா கல்யாணம் ஆனவங்க, ரெண்டு பேருக்கும் ஷிஃப்ட் வேலை. தினமும் வீட்டுச் சாப்பாடுதான்னு முடிவு பண்ணியிருக்காங்க. வாங்கின மிக்ஸி ரெண்டு வருஷத்துல புகைஞ்சு போச்சு. "இந்தத் தடவை 1000 வாட்ஸ் ஃபுட் ப்ராசஸரா வாங்கிடலாமா?" என்பதுதான் கேள்வி.

முதல்ல வாட்ஸ். பெட்டி மேல பெருசா போட்டிருக்கிற நம்பர், மோட்டார் சுவத்துல இருந்து இழுக்கிற கரண்டோட கணக்கு. பிளேடுக்கு எவ்வளவு போய்ச் சேருதுன்னு அது சொல்லாது. கரண்ட் பில்லை நினைச்சும் பயப்பட வேண்டாம். 750 வாட்ஸ் மிக்ஸியை தினமும் 10 நிமிஷம் ஓட்டினாக்கூட மாசத்துக்கு 4 யூனிட் வராது.

அப்போ வாட்ஸ் எதுக்கு? மூச்சு வாங்காம ஓடறதுக்கு. கெட்டியா தேங்காய் அரைக்கும்போது மோட்டார் வேகம் குறையும். வேகம் குறைஞ்சா அது இழுக்கிற கரண்ட் ஏறும். கரண்ட் ரெண்டு மடங்கானா காயில்ல உண்டாகிற சூடு நாலு மடங்கு. இதுல இன்னொரு சிக்கல், மோட்டாரைக் குளிரவைக்கிற ஃபேனும் அதே தண்டுலதான் சுத்துது. சூடு ஏறுற நேரம் பார்த்து காத்தும் குறைஞ்சிடும். சட்னி, மசாலா மட்டும்னா 500 போதும். இட்லிப்பொடி, ஊறவெச்ச பருப்புன்னு தினமும் அரைக்கிற வீட்டுக்கு 750. அதுக்கு மேல சின்னக் குடும்பத்துக்குத் தேவையில்லைங்கிறது என் கருத்து.

நம்ம ஊர் அரைப்பே வேற மாதிரி. 1960-கள்ல பம்பாய்ல சீமென்ஸ் இன்ஜினியரா இருந்த சத்யபிரகாஷ் மாத்தூர், மனைவி மாதுரியோட ஜெர்மன் மிக்ஸி மோட்டார் எரிஞ்சு போனதாலதான் சொந்தமா ஒண்ணு வடிவமைச்சார். அதுதான் சுமீத். இன்னைக்கும் நிறைய வீட்டுல மிக்ஸின்னாலே அந்தப் பேர்தான் ஞாபகம் வரும்.

சரி, நல்ல மோட்டாரே எப்படிச் சாகுது? பெரும்பாலும் ஜார் வழியா. ஜாரைத் திருப்பிப் பாருங்க. நடுவுல பிளேடு தண்டு சுத்துறதுக்கு ஒரு புஷ், தண்ணி இறங்காம இருக்க ஒரு சீல். அது தேய்ஞ்சா சட்னித் தண்ணி சொட்டுச் சொட்டா கீழே இறங்கும். கப்ளர்ல விழும், அப்புறம் பேரிங்குக்குப் போகும். பேரிங் துருப்பிடிச்சு இறுகும், மோட்டார் திணறும், ஒரு நாள் புகை. நம்ம "மோட்டார் போச்சு"ன்னு சொல்லிட்டுப் புதுசு வாங்கிடுவோம். ஜார் மாட்டுற இடத்துல ஈரம் தெரிஞ்ச அன்னிக்கே சீல் மாத்தியிருந்தா அந்த மிக்ஸி இன்னும் ஓடியிருக்கும்.

கப்ளர் உடைஞ்சா மட்டும் திட்டாதீங்க, அது உடையறதுக்குன்னே மெதுவான பொருள்ல செய்யறாங்க. ஜார் சிக்கினா தண்டுக்குப் பதிலா அதோட பல் போகும். அடியில இருக்கிற சிவப்பு பட்டனும் அப்படித்தான். அது வெளியே வந்துச்சுன்னா உடனே அமுக்கி ஓட்டாம, அஞ்சு நிமிஷம் ஆறவிட்டு, ஜார்ல பாதியை எடுத்துட்டு ஓட்டுங்க. (முதல் தடவை ஓட்டும்போது லேசா வர்ற வார்னிஷ் வாசனைக்கு பயப்பட வேணாம், புது மோட்டார்ல அது சகஜம்.) "30 நிமிஷ ரேட்டிங்"னு போட்டிருந்தா விடாம அரை மணி நேரம் ஓட்டலாம்னு அர்த்தம் இல்லை. நடுநடுவுல நிறுத்தணும், எப்படின்னு மேனுவல்ல இருக்கும்.

ஃபுட் ப்ராசஸர் விஷயம். நம்ம கடைகள்ல கிடைக்கிற நிறைய மாடல்ல அதே மிக்ஸி மோட்டார்தான், கூட ஒரு அகலமான பவுல். அந்த பவுல் காய் நறுக்கும், மாவு பிசையும், தேங்காய்ச் சட்னியை மைய அரைக்காது. அதனாலதான் கூடவே மிக்ஸி ஜாரும் குடுக்கறாங்க. மூடி சரியா லாக் ஆனாத்தான் ஓடும். அந்த லாக்ல இருக்கிற பிளாஸ்டிக் நுனி முறிஞ்சா மொத்த பவுலும் சும்மா உக்காந்திருக்கும். வீட்டுல தினமும் சப்பாத்தின்னா, ஷிஃப்ட் முடிஞ்சு வந்து மாவு பிசையத் தெம்பு இல்லைன்னா தாராளமா வாங்குங்க. வாரத்துல ஒரு நாள் கேரட் துருவறதுக்குன்னா வேண்டாம், துருவல் பலகையே போதும்.

கடைக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு வேலை பண்ணுங்க. உங்க தெருவுக்குப் பக்கத்துல மிக்ஸி ரிப்பேர் பண்றவர் ஒருத்தர் கண்டிப்பா இருப்பார். "அண்ணா, எந்த பிராண்டுக்கு சீல், கப்ளர், கார்பன் பிரஷ் எல்லாம் உங்ககிட்ட ஸ்டாக் இருக்கு?"ன்னு கேளுங்க. அவர் சொல்ற ரெண்டு மூணு பேர்ல உங்க பட்ஜெட்டுக்கு எது வருதோ அதைப் பாருங்க. "மோட்டாருக்கு 5 வருஷம் வாரண்டி"ன்னு கடைக்காரர் சொன்னா, ஜாருக்கும் சீலுக்கும் எவ்வளவுன்னு பில் போடறதுக்கு முன்னாடியே கேட்டுடுங்க.