அறக்கொட்டியானின் சொந்தக்காரன்

‘பூச்சி வளர்த்தால் காடு பிழைக்குமாம், உண்மையா பகிடியா?’ என்று வெல்லாவெளி வாசகர் ஒருவர் எழுதிக் கேட்டிருக்கிறார்.

பகிடி இல்லை. மடகஸ்காரின் வடகிழக்கில் மசோவாலா என்றொரு தீபகற்பம் இருக்கிறது. அதன் மழைக்காடு 2007இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. நம் தேவாங்குக்குத் தூரத்து உறவான லெமூர்கள் அங்கே வாழ்கின்றன. காட்டோரத்துக் குடியானவர்கள் அவற்றைப் பிடித்துத் தின்கிறார்கள். சட்டப்படி அது குற்றம். அங்கே நெடுங்காலம் ஆய்வு செய்த மானிடவியலாளர் கோட்னி போகர்சன், எந்த வீட்டார் வேட்டைக்குப் போகிறார்கள் என்று பார்த்தார். பெரும்பாலும் வறுமையும், மெலிந்த பிள்ளைகளும் உள்ள வீடுகள். அந்த வீட்டுக்காரரிடம் காட்டின் அருமையைப் பேசி என்ன பயன்?

லெமூர் இறைச்சிக்குப் பதிலாகப் போகர்சன் கையிலெடுத்தது, ஊரார் ஏற்கெனவே ருசித்துத் தின்னும் ‘சகொண்ட்ரி’ என்ற பூச்சியை. ‘சிடிமி’ என்னும் அவரை இனக் கொடியை ஊருக்குப் பக்கத்தில் நட்டு வளர்க்கிறார்கள். பூச்சி அதன் தண்டில் ஊசி வாயைக் குத்திச் சாறு குடித்துக்கொண்டு கூட்டமாய் இருக்கும். சட்டியில் கொஞ்சம் தண்ணீரும் உப்பும் போட்டு வைத்தால் தன் கொழுப்பிலேயே பொரிந்துவிடுமாம். பன்றி இறைச்சிப் பொரியல் போலிருக்கும் என்கிறார்கள். நான் தின்றதில்லை. ஆனால் ‘சீ’ என்று சொல்லவும் வாய் வரவில்லை. வாவி இறாலைத் தலையோடு உறிஞ்சும் ஊரில் பிறந்தவன் நான். இறாலும் பூச்சியும் ஒரே வம்சம்தான்.

சகொண்ட்ரி ஒரு தத்தி. நம் வேளாண்மையை நெருப்பு வைத்ததுபோலக் கருக்கும் அறக்கொட்டியானும் தத்திதான். இரண்டும் ஒரே பெருங்குடும்பம்.

அந்தக் குடும்பத்தில் எனக்கு மிகப் பிடித்தது ஐரோப்பாவின் இசஸ் தத்தி. அதன் குஞ்சின் பின்னங்கால்கள் உடம்போடு பொருந்தும் இடத்தில் பற்சில்லு இருக்கிறது! முழுச் சில்லு அல்ல, வளைந்த ஒரு பட்டி. ஒவ்வொரு காலிலும் பத்துப் பன்னிரண்டு பற்கள். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் மல்கம் பரோஸும் கிரெகரி சட்டனும் 2013இல் இதை விளக்கினார்கள். குஞ்சு பாயும்போது இரண்டே மில்லிசெக்கனில் செக்கனுக்கு 3.9 மீற்றர் வேகம் எடுக்கிறது. சின்ன வயதில் நானும் அண்ணனும் மண்டூர்த் துறையில் தோணி வலிப்போம். என் துடுப்பு கொஞ்சம் பிந்தினாலும் குருமண்வெளிக்குப் போகவேண்டிய தோணி கோயில் பக்கம் திரும்பிவிடும். தத்திக்கும் அதே சிக்கல். ஒரு கால் முந்தினால் அந்தரத்தில் சுழன்றுபோகும். இரு கால்களையும் அத்தனை நுட்பமாக ஒன்றுசேர்க்க நரம்புக்கு வேகம் போதாது. பல்லோடு பல் கோத்திருப்பதால் ஒரு கால் அசைந்தால் மற்றதும் அசைந்தே தீரும்.

வளர்ந்த தத்திக்கு இந்தப் பற்கள் கிடையாது, கடைசிச் சட்டையோடு கழன்றுவிடும். குஞ்சுக்குப் பல் உடைந்தால் அடுத்த சட்டையில் புதிது முளைக்கும். வளர்ந்ததற்கு அடுத்த சட்டையே இல்லை. அதனால்தான் என்பது ஆய்வாளரின் ஊகம்.

இப்படிப்பட்ட குடும்பத்தை நாம் போத்தல் மூடியில் அளந்த மருந்தால் மட்டுமே அறிந்து வைத்திருக்கிறோம். அளவும் மீறுகிறோம். மருந்து முதலில் கொல்வது தத்தியைத் தின்னும் சிலந்தியை. பிறகு தத்தி பெருகி, எண்ணெயில் பொரித்ததுபோல் வயல் கருகினால் இன்னொரு போத்தல். இந்தோனேசியா இதைப் பட்டுத் தெளிந்து 1986இல் நெல்லுக்கு 57 பூச்சிகொல்லிகளைத் தடைசெய்தது.

போன மாரியில் வட்டைக்குள் இறங்கி நெல்லின் தூரைத் தட்டிப் பார்த்தேன். நாலைந்து தத்திகள் தண்ணீரில் விழுந்தன. எங்கிருந்தோ ஒரு சிலந்தி தண்ணீர்மேல் ஓடிவந்து ஒன்றைக் கவ்விக்கொண்டு போனது. பக்கத்து வயல்காரர் மருந்து டாங்கியை முதுகில் மாட்டிக்கொண்டு வரம்பில் நின்றார்.

“கொஞ்சம் பொறுங்க மச்சான்” என்றேன்.

“எத்தனை நாளைக்கு?” என்று கேட்டார்.