தராசு சொன்ன தீர்ப்பு

1908ஆம் ஆண்டின் இறுதி. அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் ஆசிரியையாகப் பணியாற்றிய லீட்டா ஸ்டெட்டர் என்ற 22 வயதுப் பெண், நியூயார்க் நகருக்கு வந்து ஹாரி ஹாலிங்வொர்த் என்பவரை மணந்துகொண்டார். அங்கும் ஆசிரியையாகலாம் என்று எண்ணியிருந்தார். ஆனால் மணமான பெண்களுக்கு அந்நகரப் பள்ளிகளில் வேலை கிடையாது! பட்டமும் அனுபவமும் இருந்தும் வீட்டிலேயே இருக்க நேர்ந்தது. சில ஆண்டுகளுக்குப் பின் அவர் உளவியல் பயிலத் தொடங்கினார்.

அக்காலத்தில் அறிஞர் பலர் ஒரு கொள்கையை நம்பினர். ஆண், பெண் இருபாலாரின் சராசரி அறிவு ஏறத்தாழ ஒன்றே. ஆனால் ஆண்களிடையே ஏற்றத்தாழ்வு மிகுதி. எனவே மேதைகளும் ஆண்களிலேயே அதிகம், மனவளர்ச்சி குன்றியோரும் ஆண்களிலேயே அதிகம் என்பதே அது.

இதைப் புரிந்துகொள்ள ஓர் எளிய கணக்கு. ஒரு வகுப்பில் மூவர் பெற்ற மதிப்பெண்கள் 40, 50, 60. மற்றொன்றில் 10, 50, 90. இரண்டின் சராசரியும் 50தான். ஆனால் இரண்டாம் வகுப்பில் வேறுபாடு அதிகம் அல்லவா? ஆண்கள் இரண்டாம் வகுப்பைப் போன்றவர்கள் என்றனர் அறிஞர்கள். பெண்களுக்கு உயர்கல்வி எதற்கு என்று கேட்கவும் இக்கொள்கை பயன்பட்டது.

மனவளர்ச்சி குன்றியோர் இல்லங்களில் ஆண்கள் அதிகமாக இருந்ததைச் சான்றாகக் காட்டினர். 1913 முதல் அத்தகையோருக்கு அறிவுச் சோதனை நடத்தும் பணியில் இருந்த லீட்டா, பதிவேடுகளை ஆராய்ந்தார். பெண்கள் மிகவும் வயது கூடிய பிறகே அங்கு கொண்டுவரப்படுவதைக் கண்டார். காரணம் என்ன? வெளியுலகில் பிழைக்க வேண்டிய ஆணின் குறை விரைவில் வெளிப்பட்டுவிடும். பாத்திரம் துலக்கி, குழந்தையைப் பார்த்துக்கொண்டு வீட்டிலேயே இருக்கும் பெண்ணின் குறை யார் கண்ணிலும் படாது. எண்ணிக்கையில் தெரிந்த வேறுபாட்டுக்குச் சமூக வழக்கமும் காரணமாகலாம்!

அப்படியானால் வழக்கங்களின் கை படாதவர்கள் யார்? பிறந்த குழந்தைகள்! ஹெலன் மாண்டேகு என்பவருடன் சேர்ந்து 1,000 ஆண் குழந்தைகள், 1,000 பெண் குழந்தைகளின் பிறப்பு எடை, நீளம் ஆகிய அளவுகளை ஆராய்ந்தார். 1914இல் முடிவு வெளிவந்தது. ஆண் குழந்தைகள் சராசரியில் சற்றே பெரியவை. ஆனால் அவர்களிடையே வேறுபாடு அதிகம் என்பதற்குச் சான்று இல்லை.

மாதவிலக்கு நாட்களில் பெண்களின் திறன் குன்றும் என்ற நம்பிக்கையையும் அவர் சோதித்தார். நாள்தோறும் கைத்திறன், மனத்திறன் சோதனைகள் நடத்தினார். அத்தகைய வீழ்ச்சி எதுவும் தென்படவில்லை.

1916இல் கொலம்பியா பல்கலைக்கழகம் அவருக்கு முனைவர் பட்டம் அளித்தது. அவருடைய வழிகாட்டி எட்வர்ட் தார்ண்டைக், மேற்சொன்ன கொள்கையை ஆதரித்தவர் என்பது வியப்புக்குரியது! பின்னர் ஆசிரியர் கல்லூரியில் பேராசிரியராகி, மிகுந்த அறிவுத்திறன் கொண்ட குழந்தைகளைப் பல்லாண்டு ஆராய்ந்த லீட்டா, 1939இல் காலமானார்.

குழந்தையின் எடை அறிவின் அளவாகாது என்பது உண்மையே. சில தேர்வுகளில் ஆண்களிடையே வேறுபாடு சற்று மிகுதி என்று இன்றைய ஆய்வுகள் சிலவும் கூறுகின்றன. ஆனால் அவ்வேறுபாடு நாட்டுக்கு நாடு மாறுகிறது. எனவே விவாதம் முடியவில்லை.

'பெண்களால் இது முடியாது' என்று யாரேனும் சொன்னால், லீட்டாவைப் போல நீங்களும் கேளுங்கள்: அளந்து பார்த்தீர்களா?