சிறுநீரகப் புற்றுநோய்: முழுவதும் அகற்றத்தான் வேண்டுமா?

1869ஆம் ஆண்டு ஜேர்மனியின் ஹைடெல்பேர்க் நகரில், குஸ்தாவ் சீமோன் என்னும் சத்திர வைத்தியர் ஒரு பெண்ணின் சிறுநீரகங்களில் ஒன்றை அகற்றினார். எஞ்சிய ஒன்றோடு மனிதர் வாழ்தல் கூடுமா என்று அந்நாளில் எவரும் அறுதியிட்டுக் கூறார். ஆதலின், நாய்களிடத்தே பரீட்சித்துப் பார்த்த பின்னரே அவர் கத்தியை எடுத்தார். அப்பெண் பிழைத்தாள். அவளுக்கு இருந்தது புற்றுநோயன்று. ஆயினும் புற்றுநோய்ச் சிகிச்சைக்கும் அன்றே வழி திறந்தது.

1963இல் கனடாவின் றொபின்சன் அல்லர், றொப்சன் என்னும் வைத்தியர் (இரு பெயரையும் மயங்குவோர் உளர்) சிறுநீரகத்தோடு அதனைச் சூழ்ந்த கொழுப்பையும், மேலே தொப்பிபோல் அமர்ந்த சுரப்பியையும், அண்டிய நிணநீர்க் கணுக்களையும் ஒருங்கே அகற்றும் முறையை விளக்கினார். நெடுங்காலம் அதுவே விதியாயிருந்தது.

இன்று அவ்விதி தளர்ந்துவிட்டது. வேறு நோவுக்காக எடுத்த ஸ்கான் படத்தில் தற்செயலாகத் தென்படும் சிறு கட்டிகளே பல. நான்கு சென்ரிமீற்றருக்கு உட்பட்டதாயின், இயன்றவரை கட்டியை மாத்திரம் அகற்றி, நல்ல பாகத்தை விட்டுவைப்பர். நீரிழிவும் இரத்த அழுத்தமும் உள்ளவர்க்கு அந்த எஞ்சிய பாகம் எத்துணை பெறுமதியானது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. முதுமையினால் தளர்ந்தோர்க்கு ஊசிமூலம் உறையவைத்தோ, சுட்டோ கட்டியை அழிப்பதுண்டு. காலந்தோறும் படமெடுத்துக் கவனித்திருத்தலும் ஒரு சிகிச்சையே; அதனை அலட்சியமென்று உறவினர் வைத்தியரோடு பிணங்குதல் தகாது.

பிற அவயவங்களுக்குப் பரவிய நோய்தான் கடினமானது. பெரும்பாலான புற்றுநோய்களுக்கு வழங்கும் இரசாயன மருந்துகளுக்கு இது எளிதில் மசிவதில்லை. 2005, 2006ஆம் ஆண்டுகளில், கட்டிக்குப் புதிய இரத்தக்குழாய்கள் முளைப்பதைத் தடுக்கும் மாத்திரைகள் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. 2015இல், உடலின் சொந்தக் காவற்படையை நோயின்மீது ஏவும் நிவோலுமாப் என்னும் மருந்து இந்நோய்க்கும் அனுமதிக்கப்பெற்றது. சிலருக்கு இது வியத்தகு பயன் தருகின்றது, எல்லோருக்கும் அன்று. அக்காவற்படை சிலவேளை குடலையும், நுரையீரலையும், தைரொயிட் சுரப்பியையும் பகையென்று தாக்கிவிடுவதுமுண்டு. எனவே ஓயாத வயிற்றோட்டமோ மூச்சுத்திணறலோ கண்டால், அடுத்த தவணைவரை காத்திராது உடனே வைத்தியரிடம் கூறல் வேண்டும்.

சிறுநீரில் இரத்தம் ஒருநாள் தோன்றி, நோவின்றித் தானே நின்றுவிடலாம். நின்றதே என்று வீட்டாரிடமும் சொல்லாது மறைப்போர் பலர். நின்ற பின்னரும் அது பரிசோதிக்கப்பட வேண்டியதே.