உதவிச் சீட்டின் பெறுமதி

சீட்டு விளையாட்டு என்றதும் எங்கள் வீட்டில் எழுந்த முதல் கேள்வி, "பந்தயம் ஏதும் இருக்கா?" என்பதுதான். கேட்டவர் உம்மும்மா. பந்தயம் இல்லை, பணம் இல்லை, எங்களில் ஒருவர் மற்றவரைத் தோற்கடிப்பதும் இல்லை என்று விளக்கிய பிறகே, விடுமுறையில் வந்த சாச்சா கொண்டுவந்த பெட்டியைத் திறக்க அனுமதி கிடைத்தது.

அந்த விளையாட்டின் பெயர் மார்வெல் சாம்பியன்ஸ். அமெரிக்காவின் ஃபேன்டஸி ஃப்ளைட் கேம்ஸ் நிறுவனம் 2019 இல் வெளியிட்டது. ஒருவர் முதல் நால்வர் வரை ஆடலாம். ஆளுக்கொரு வீரரை எடுத்துக்கொண்டு, எல்லோரும் சேர்ந்து ஒரே வில்லனை எதிர்க்க வேண்டும். வில்லனுக்காக ஆடுபவர் எவருமில்லை. அவனுடைய சீட்டுக்கட்டே அவனை நடத்துகிறது. வென்றால் எல்லோருக்கும் வெற்றி, தோற்றால் எல்லோருக்கும் தோல்வி.

இதில் தாக்கும் சீட்டின் பெறுமதி எவருக்கும் உடனே விளங்கும். ஐந்து புள்ளி அடித்தால் வில்லனுக்கு ஐந்து குறையும். ஆனால் 'உதவி' என்றொரு வகைச் சீட்டு உண்டு. அது எவரையும் அடிக்காது. மேசையில் இருந்துகொண்டு ஒவ்வொரு சுற்றிலும் சிறியதொரு உதவி செய்யும். அதன் பெறுமதியை எப்படி மதிப்பிடுவது?

முதலில் விலையைப் பார்ப்போம். இந்த விளையாட்டில் காசு என்று தனியாக எதுவும் இல்லை. ஒரு சீட்டைப் போட வேண்டுமானால், கையிலுள்ள வேறு சீட்டுகளை எறிந்துதான் அதன் விலையைக் கட்ட வேண்டும். பெரும்பாலான சீட்டுகள் ஒவ்வொன்றும் ஒரு வளம் தரும். சில இரண்டு தரும். ஆகவே எதை வாங்கினாலும் வேறு எதையோ இழக்கிறோம். உயர்தரப் பொருளியலில் நாம் படிக்கும் அமையச் செலவு இதுதான்.

இரண்டு உதவிச் சீட்டுகளை எடுத்துக்கொள்வோம். ஹெலிகேரியரின் விலை 3. சுற்றுக்கு ஒரு தடவை, நாம் விரும்பும் ஒருவர் அடுத்துப் போடும் சீட்டின் விலையில் 1 குறைக்கும். அவெஞ்சர்ஸ் மேன்ஷன் என்னும் மாளிகையின் விலை 4. சுற்றுக்கு ஒரு தடவை, நாம் விரும்பும் ஒருவர் மேலதிகமாக ஒரு சீட்டை எடுக்கலாம்.

ஹெலிகேரியருக்கு மூன்று சீட்டுகளை எறிகிறோம். அந்தச் சீட்டையே வேறொன்றுக்கு விலையாகக் கொடுத்திருக்கலாம் என்பதால் அதையும் சேர்க்க வேண்டும். மொத்தச் செலவு நான்கு. மாளிகைக்கு ஐந்து. சுற்றுக்கு ஒன்று திரும்பி வருகிறது என்று வைத்தால், ஹெலிகேரியர் நான்கு தடவையும் மாளிகை ஐந்து தடவையும் பயன்பட்ட பிறகுதான் முதல் மீளும். அதற்குப் பின் வருவதே இலாபம்.

அத்தனை சுற்றுகள் கிடைக்குமா? ரைனோ என்ற வில்லனோடு மூவர் ஆடினால், அவனுடைய சூழ்ச்சி 21 புள்ளியை எட்டும்போது தோற்றுவிடுவோம். ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் 3 புள்ளி தானாகவே ஏறும். எவரும் தடுக்காவிட்டால் ஏழாவது சுற்றோடு ஆட்டம் முடியும். வில்லனின் வேறு செயல்களால் அது விரைவாகலாம். நாம் தடுத்தால் நீளலாம். ஏழு சுற்று என்றே வைத்துப் பார்ப்போம். முதற் சுற்றிலேயே ஹெலிகேரியரைப் போட்டால் ஏழு தடவை பயன்படும்; மூன்று இலாபம். நான்காம் சுற்றில் போட்டால் நான்கு தடவை, இலாபமுமில்லை, நட்டமுமில்லை. ஆறாம் சுற்றில் போட்டால் இரண்டு நட்டம். சீட்டு ஒன்றுதான், பெறுமதி மட்டும் மாறிக்கொண்டே போகிறது.

இதை நான் அடிபட்டே கற்றேன். ஒருநாள் ஐந்தாம் சுற்றில் மாளிகையைப் போட நான்கு சீட்டுகளை எறிந்தேன். அவற்றில் இரண்டு சூழ்ச்சிப் புள்ளியைக் குறைக்கக்கூடியவை. ஆறாம் சுற்றின் முடிவில் தோற்றோம். ஐந்து சீட்டுச் செலவில் எனக்குக் கிடைத்தவை இரண்டே இரண்டு. பத்து வயதான சாச்சாவின் மகன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, "ராத்தா, நாங்க அடி வாங்கக்குள்ள நீங்க வீடு கட்டிக்கிட்டு இருந்தீங்க" என்றான். பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை.

ஆனாலும் கணக்கு மட்டும் போதாது. உதவி யாருக்குப் போகிறது என்பதும் முக்கியம். சுற்று முடிந்ததும் எல்லோரும் தமது கையளவு நிரம்பும்வரை மீண்டும் சீட்டு எடுக்கிறோம். எனவே, விலை குறைந்ததால் ஒருவர் கையில் ஒரு சீட்டு மிஞ்சினால், அடுத்து அவர் எடுப்பதும் ஒன்று குறையும். அந்த உதவி பெரும்பாலும் வீண். மாறாக, பெரிய சீட்டொன்றைப் போட ஒரே ஒரு வளம் குறைவாக இருந்து தவிப்பவருக்கு அதே உதவி போனால், அந்த ஒன்று ஐந்துக்குச் சமம். இதை அறிய வேண்டுமானால் மற்றவர்களிடம் கேட்க வேண்டும். "யாருக்கு ஒன்று குறையுது?" என்று கேட்கத் தொடங்கிய பின்னரே எங்கள் ஆட்டம் திருந்தியது.

விளையாட்டுக்கு வெளியேயும் இந்தக் கணக்கு எனக்கு உதவியது. ஐந்து தோழிகள் சேர்ந்து படிக்கிறோம். எல்லோருக்குமாகக் கணக்கீட்டுக் குறிப்புகள் எழுதித் தருவதாக, பரீட்சை நெருங்கிய வேளையில் நான் ஒப்புக்கொண்டிருந்தேன். முதலாம் தவணையில் எழுதியிருந்தால் ஒவ்வொரு தவணைப் பரீட்சைக்கும் அது கைகொடுத்திருக்கும். கடைசி மாதத்தில் எழுதினால் என் நேரம் போகும், அவர்களுக்கோ வாசிக்கவே நேரமிராது. அதனால் யாருக்கு எந்தப் பகுதி விளங்கவில்லை என்று கேட்டு, அதை மட்டும் சொல்லிக் கொடுத்தேன்.

போன விடுமுறையில் மீண்டும் ஆடினோம். ஐந்தாம் சுற்றில் சாச்சாவின் மகன் கைக்கு மாளிகை வந்தது. சற்று நேரம் விரல்விட்டு எண்ணினான். பிறகு அதை மேசையில் வைக்காமல், சூழ்ச்சியைத் தடுக்கும் சீட்டொன்றுக்கு விலையாக எறிந்தான். என்னைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை, சிரித்தான். அன்று நாங்கள் வென்றோம்.