போர்க்களத்திலிருந்து தொழிற்களத்திற்கு

1917 ஆம் ஆண்டிலே ஜேர்மனியின் சுரங்கப் பட்டினம் ஒன்றில் அமைந்த வைத்தியசாலைக்கு ஒரு சுரங்கத் தொழிலாளியைக் கொண்டு வந்தார்கள். முள்ளந்தண்டு முறிந்து, இடுப்பின் கீழ் உணர்விழந்து கிடந்தான். அங்கே தொண்டராயிருந்த இளைஞர் ஒருவர் அவனுடைய நோய்க் குறிப்பை விரிவாக எழுதத் தொடங்கினார். சில வாரங்களில் இறந்து போகிறவனுக்கு இவ்வளவு எழுத்து எதற்கு என்று மூத்தவர்கள் தடுத்தார்கள். அவர்கள் சொன்னவாறே ஐந்து வாரத்தில் அவன் மாண்டான். அந்த இளைஞரின் பெயர் லுட்விக் குட்மன். யூதராகிய அவர் பின்னாளில் சிறந்த நரம்பியல் வைத்தியராகி, ஹிட்லரின் ஆட்சிக்குத் தப்பி, 1939 இல் குடும்பத்தோடு இங்கிலாந்தை அடைந்தார்.

இரண்டாம் உலக மகாயுத்தத்தின்போது, முள்ளந்தண்டிலே காயமுற்ற போர்வீரருக்கென லண்டனுக்கு வடமேற்கே ஸ்ரோக் மண்டவில் என்னுமிடத்தில் ஒரு தனிப் பிரிவை அமைக்கும் பணி அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அது 1944 பெப்ரவரியில் தொடங்கியது. இத்தகைய நோயாளரைக் கொன்றது பெரும்பாலும் முறிந்த எலும்பன்று. படுக்கைப் புண்ணும், சிறுநீர் வழியில் உண்டாகும் நச்சுக் கிருமியுமே அவர்களின் உயிரைக் குடித்தன. ஆதலின் குட்மன் கையாண்ட முறை மிக எளிமையானது: ஒவ்வொரு நோயாளரையும் இரண்டு மணிக்கொருமுறை, இரவும் பகலும், புரட்டிக் கிடத்த வேண்டும். சொல்ல எளிது, செய்யும் தாதிமாருக்கன்றோ அதன் பாரம் தெரியும்! நள்ளிரவிலே தாமே வந்து, புரட்டினார்களா என்று பார்ப்பாராம். கண்டிப்பு மிகுந்த அவரை நோயாளர்கள் "பொப்பா" என்று தந்தை முறையில் அழைத்தார்கள்.

உயிர் தப்பிற்று. இனி என்ன செய்வது? இங்கேதான் உண்மையான சங்கடம் எழுந்தது. இருபது வயதுச் சிப்பாய் ஒருவன் இன்னும் நாற்பது ஆண்டு வாழக்கூடும். அத்தனை காலமும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு இருப்பதா? உபகாரச் சம்பளம் வயிற்றை நிரப்பலாம், பொழுதை நிரப்பாது. குட்மனோ, தம் நோயாளர் உழைத்துச் சம்பாதித்து, அரசாங்கத்துக்கு வரி செலுத்துகிறவர்களாக வேண்டுமென்று விரும்பினார். வைத்தியசாலையிலேயே தச்சுவேலையும் மணிக்கூடு திருத்தலும் தட்டெழுத்தும் கற்பிக்கப்பட்டன.

சட்டமும் துணைக்கு வந்தது. அதே 1944 இல் இயற்றப்பட்ட பிரித்தானியச் சட்டமொன்று, இருபது பேரோ அதற்கு மேற்பட்டோரோ வேலை செய்யும் நிறுவனங்கள் நூற்றுக்கு மூவர் என்ற விகிதத்தில் உடற்குறையுள்ளோரைச் சேர்த்துக்கொள்ள வேண்டுமென விதித்தது. நல்ல சட்டந்தான், ஆனால் அதனை மீறியோர் மீது வழக்குத் தொடரப்பட்டது மிக அரிது. மேலும், அவர்களுக்கெனத் தனியே ஒதுக்கப்பட்ட உத்தியோகங்கள் இரண்டே: மின்தூக்கியை இயக்குவதும், மோட்டார் வண்டித் தரிப்பிடத்தைக் காப்பதும். விமானம் ஓட்டிய கைக்கு இதுதானா வேலை என்று எவருக்கும் தோன்றாமற் போயிற்றே! 1990 களின் நடுப்பகுதியில் அந்த விகித முறை கைவிடப்பட்டது.

வேலைக்கு மனமும் உடலும் தேற வேண்டும். அதற்கு விளையாட்டைக் கருவியாக்கினார் குட்மன். முதலிலே சக்கர நாற்காலியிலிருந்து கைத்தடியால் வட்டை அடிக்கும் ஆட்டம். அடிதடி மிஞ்சவே அதை நிறுத்தினார். வில்வித்தை நிலைத்தது. அது தோளையும் உடலின் மேற்பகுதியையும் உறுதியாக்கும். அன்றியும், வில்லேந்திய பின் சக்கர நாற்காலியில் இருப்பவரும் காலூன்றி நிற்பவரும் சமமே. 1948 ஜூலை 29 ஆம் திகதி, லண்டன் ஒலிம்பிக் விழா தொடங்கிய அதே நாளில், வைத்தியசாலைப் புற்றரையிலே பதினாறு பேர் வில்லேந்திப் போட்டியிட்டனர். அவர்களுள் இருவர் பெண்கள். 1952 இல் ஒல்லாந்து வீரர்கள் வந்து கலந்துகொண்டனர். 1960 இல் ரோமாபுரியில் 23 நாடுகளிலிருந்து ஏறத்தாழ 400 பேர் கூடினர். இன்றைய பராலிம்பிக் போட்டிகளின் பிறப்பு இதுவே.

அந்தப் புற்றரையின் பயன் நமது அயல்நாட்டுச் சிப்பாய் ஒருவருக்கும் கிட்டியது. முர்லிகாந்த் பெட்கர் மகாராஷ்டிரத்தவர், இந்திய இராணுவத்தின் பொறியியற் படைப்பிரிவிலே பணியாற்றியவர், குத்துச்சண்டை வீரர். 1965 ஆம் ஆண்டு இந்திய பாகிஸ்தான் யுத்தத்திலே குண்டுகள் பாய்ந்து, இடுப்பின் கீழ் செயலிழந்தார். முஷ்டியை நம்பி வாழ்ந்தவருக்கு இனி மேடை இல்லை. சிகிச்சையின் ஓர் அங்கமாகவே அவரை நீரில் இறக்கினார்கள். அந்த நீரே அவருக்குப் புதிய களமாயிற்று. 1972 இல் ஜேர்மனியின் ஹைடல்பேர்க் நகரில் நடந்த போட்டியில், ஐம்பது மீற்றர் நீச்சலை 37.33 விநாடியில் முடித்துப் பொற்பதக்கம் பெற்றார். பராலிம்பிக்கில் இந்தியா பெற்ற முதற் பொன் அது.

பதக்கத்தோடு திரும்பியவருக்கும் பிழைப்புக்கு வழி வேண்டுமல்லவா? பூனா நகரிலுள்ள டாடா மோட்டார்த் தொழிற்சாலையிலே அவர் உத்தியோகம் பார்த்து, ஓய்வுபெறும்வரை உழைத்தார். நாடு அவரை நினைவு கூர்ந்து பத்மஸ்ரீ விருதளித்தது 2018 இல். அப்பொழுது அவருக்கு வயது எழுபத்து மூன்று.