தாமரையும் ஆம்பலும்

நீர்ப்பூ என்றவுடன் தமிழ் கற்போர் நெஞ்சில் முதற்கண் தோன்றுவன தாமரையும் ஆம்பலுமே. ஆம்பலை உலகவழக்கில் அல்லி என்பர். இரண்டும் சேற்றிலே கிழங்கூன்றி, நீண்ட தண்டினால் நீரைக் கடந்து, வட்ட இலையும் அடுக்கிதழும் பெற்று விளங்குவன. ஆகவே இவற்றை ஒரு குடியிற் பிறந்தனவென்று கருதுதல் இயல்பே. மேனாட்டறிஞர் லின்னேயஸ் 1753-ல் தாமரையை அல்லிப் பேரினத்திலேயே சேர்த்தார். அடான்சன் 1763-ல் அதனைத் தனிப் பேரினமாகப் பிரித்தார். எனினும் இரண்டும் நெருங்கிய சுற்றமென்னும் கருத்து இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதிவரை பலரிடத்தும் நிலவிற்று.

உற்று நோக்குவார்க்கு வேற்றுமை பல புலனாகும். ஆம்பலின் இலை நீர்மேற் கிடப்பது. விளிம்பினின்று காம்புவரை ஒரு பிளவுடையது. தாமரையின் முதிர்ந்த இலையோ நீரினின்று உயர்ந்து, பிளவின்றி முழுவட்டமாய், நடுவிலே காம்பு பொருந்தப்பெற்றது. வெள்ளாம்பல் இரவில் மலரும். தாமரை பகலில் மலரும். மரத்தை அறிதற்குத் திருமறை கனியைக் காட்டுகின்றது. ஈண்டும் கனியே சிறந்த சான்று. தாமரைமணிகள் பொகுட்டின் குழிகளிலே தனித்தனியே அமர்ந்து, நீருக்குமேல் முற்றிக் கல்போல் இறுகும். ஆம்பற்காய் நீருள் அமிழ்ந்து முதிர்ந்து, மெல்லிய சதையினுள்ளே எண்ணற்ற சிறு விதைகளைப் பொதிந்திருக்கும்.

1990-களில் மரபணுவை ஆராய்ந்தோர் எஞ்சிய ஐயத்தையும் நீக்கினர். பூக்குந் தாவரங்களுள் மிகத் தொன்மையிலேயே பிரிந்த கிளைகளுள் ஒன்றைச் சேர்ந்தது ஆம்பல். தாமரைக்கு அணிய உறவோ, ஆஸ்திரேலியாவினின்று வந்து நீலகிரித் தேயிலைத் தோட்டங்களில் நிழல் தரும் சில்வர் ஓக் மரத்தின் குடும்பமாம்! ஒரே குளத்தில் உடன் வாழும் ஆம்பல் அயலாக, மலைமேல் நிற்கும் நெடுமரம் சுற்றமாயிற்று. நீரில் வாழவேண்டிய ஒரே தேவையே இரு பூக்களுக்கும் ஒத்த வடிவைத் தந்தது.

மலர்களிடத்து ஒப்புமை உறவாகாமை கண்டோம். மொழிகளிடத்து வேற்றுமை அயன்மையாகாமையை ஓசூர் எல்லைப்புறத்திலே காதாற் கேட்கலாம். அங்கே தமிழரும் கன்னடரும் தெலுங்கரும் ஒரே சந்தையிற் கூடுகின்றனர். ஒரே தொழிற்சாலையில் உழைக்கின்றனர். எழுத்து வேறு, ஓசை வேறு. ஆயினும் நாம் தாமரை என்பதனைக் கன்னடர் தாவரெ என்பர். தெலுங்கர் தாமர என்பர். பழங்கன்னடத்துச் சொன்முதற் பகரம் பிற்காலத்தில் ஹகரமாய்த் திரிந்தது. ஆதலின் நம் 'பால்' அவர்க்கு 'ஹாலு'. நம் 'பூ' அவர்க்கு 'ஹூவு'. ஓசூர் என்னும் பெயரும் 'புதூர்' எனப் பொருள்படும் கன்னடச் சொல்லே. எல்லிஸ் 1816-லும் கால்டுவெல் 1856-லும் இம்மொழிகளின் உறவை எடுத்துக்காட்டியது, வேர்ச்சொற்களையும் இலக்கண அமைப்பையும் ஒப்புநோக்கியேயாம்.

புறத்தோற்றம் ஒன்றனையே கொண்டு உறவையும் அயலையும் வகுப்போர், மலரிடத்தும் பிழைபடுவர், மக்களிடத்தும் பிழைபடுவர். மலரிடத்துப் பிழை நூலிலே திருத்தப்படும். மொழியின் பேரால் அண்டை வீட்டாரோடு விளையும் பூசல் அத்துணை எளிதில் திருந்தாது. ஆதலின், எல்லையின் இருமருங்கும் வாழ்வோர் ஒருவர் சொல்லை ஒருவர் பொறுமையுடன் கேட்டறிதல் நன்றாம்.