இருண்ட திரையும் தெளிந்த தேடலும்

நுழையும்முன்

கணினி இயங்குகிறது, விசிறி சுழல்கிறது, திரையில் மட்டும் ஒன்றும் தெரியவில்லை. இந்நிலையில் இயக்க அமைப்பையே அழித்துவிட்டு மீண்டும் நிறுவுவோர் பலர். ஆண்டு முழுவதும் சேர்த்த கோப்புகளும் அதனோடு அழியக்கூடும். காரணத்தைப் படிப்படியாகத் தேடினால் இவ்விழப்பைத் தவிர்க்கலாம். லினக்ஸ் கணினியில் அத்தேடல் அமையும் முறையை இப்பாடம் விளக்குகிறது.

தமிழகமும் லினக்சும்

காஞ்சிபுரம் மாவட்டத்துத் திருப்பெரும்புதூர்ப் பகுதியில் 2007ஆம் ஆண்டு டெல் நிறுவனத்தின் கணினித் தொழிற்சாலை தொடங்கப்பட்டது. அதே ஆண்டில், சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனம் ‘பாஸ்’ என்னும் லினக்ஸ் இயக்க அமைப்பை வெளியிட்டது. 2011இல் தமிழக அரசு மாணவர்களுக்கு வழங்கத் தொடங்கிய விலையில்லா மடிக்கணினிகளிலும் ‘பாஸ்’ இடம்பெற்றது. கணினியைச் செய்யும் நாட்டினர் அதன் பழுதைக் கண்டறியவும் அறிந்திருத்தல் வேண்டும்.

திரையின் அடையாளச் சீட்டு

ஒவ்வொரு திரையும் தன்னைப் பற்றிய குறிப்பு ஒன்றைத் தன்னுள் கொண்டுள்ளது. ‘இடிஐடி’ எனப்படும் இக்குறிப்பின் அடிப்படைப் பகுதி 128 பைட்டு அளவே உடையது. திரையை உருவாக்கியவர் யார், அதன் பிரிதிறன் எவ்வளவு, நொடிக்கு எத்தனை முறை காட்சியைப் புதுப்பிக்கும் என்பன அதில் அடங்கியுள்ளன. வரைகலை அட்டையின் இயக்கி மென்பொருள், இணைப்பு வடத்தின் வழியே இதனைப் படித்துத் தக்க காட்சியை அனுப்புகிறது. வடம் பழுதுற்றால் குறிப்பு வந்துசேராது. அப்போது பெரிய திரையிலும் 1024 x 768 போன்ற குறைந்த பிரிதிறனே கிடைக்கும். ஆகவே, மென்பொருளைக் குறைகூறும் முன் வடத்தை மாற்றிப் பார்த்தல் நன்று.

தேடும் முறை

முதலில் மின் இணைப்பு, வடம், திரையில் தேர்ந்துள்ள உள்ளீடு ஆகியவற்றைச் சரிபார்க்க வேண்டும். தனி வரைகலை அட்டை இருப்பின், வடம் அந்த அட்டையின் துளையிலேயே செருகப்பட்டிருக்க வேண்டும்.

அடுத்து, கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 விசைகளை ஒருசேர அழுத்த வேண்டும். எழுத்துத்திரை தோன்றினால் திரையும் வடமும் நலமே. பழுது மென்பொருளில் உள்ளது எனத் தெளியலாம்.

அதுவும் தோன்றாவிடில், தொடக்கப் பட்டியலில் ‘நோமோட்செட்’ என்னும் சொல்லைச் சேர்த்துக் கணினியை இயக்கலாம். அப்போது சிறப்பு இயக்கி விலகி நிற்க, எளிய காட்சி கிடைக்கும். பட்டியலில் இவ்வாறு செய்யும் மாற்றம் அந்த ஒருமுறைக்கு மட்டுமே உரியது.

பின்னர், ‘எல்எஸ்பிசிஐ’ கட்டளையால் அட்டையின் பெயரையும், ‘ஜர்னல்சிடிஎல்’ கட்டளையால் கணினியின் பதிவேட்டையும் காணலாம். எந்த இயக்கி எவ்விடத்தில் தடைப்பட்டது என்பதைப் பதிவேடு பெரும்பாலும் காட்டிவிடும். ஒரு நேரத்தில் ஒரு மாற்றமே செய்தல் வேண்டும். பலவற்றை ஒருங்கே மாற்றினால் எது பயன்தந்தது என அறிய இயலாது.

தெரியுமா?

என்விடியா அட்டைகளுக்கான ‘நூவோ’ இயக்கியைத் தன்னார்வலர்கள், அட்டை செயற்படும் முறையைக் கூர்ந்து நோக்கியே எழுதினர். 2022 மே திங்களில் அந்நிறுவனமே தன் லினக்ஸ் இயக்கியின் ஒரு பகுதியைத் திறந்த மூலமாக வெளியிட்டது.

திறந்த அறிவு

மருத்துவர் நோயின் காரணத்தை அறிந்த பின்னரே மருந்து தருவார். கணினிக்கும் அதுவே முறை. லினக்ஸ் தன் பதிவேட்டை மறைப்பதில்லை. பொறுமையுடன் படிப்போர் எவரும் பழுதின் காரணத்தை நெருங்கலாம்.